கொலுவுக்குப் போகிறோம் என்று சொல்லி

எங்கள் சங்கத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் தலைவி வேண்டும், தலைவி வந்தால் மாலை வேண்டும், மாலை வந்தால் யாருக்கு முதல் மாலை என்று சண்டை வரும். அதனால் வைக்கவில்லை. வீட்டில் கேட்டால் கொலுவுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

மகாராஜா காலத்து மைசூரில் வயது வந்த பெண் சாயங்காலத்தில் காரணமில்லாமல் வாசல் தாண்டினால் பதில் சொல்லி மாளாது. நவராத்திரியில் மட்டும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். யார் வீட்டுக் கொலுவுக்கும் யாரும் போகலாம். ஊரே தசராவுக்காக விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, நாங்கள் பட்டுப் புடவை கட்டி, கையில் குங்குமச் சிமிழோடு ராஜபாட்டையில் நடப்போம். போகிற வீட்டில் பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவோம்.

நாங்கள் நான்கைந்து பேர். பெயர்களை எழுதப்போவதில்லை, அவரவர் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஒருத்தி பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ். பேறுகாலத்துக்குச் சுத்தமான துணியும் கொதிக்கவைத்த தண்ணீரும் வேண்டும் என்று வீடு வீடாகப் போய் மன்றாடுவாள். இன்னொருத்தி நஞ்சன்கூட்டுப் பக்கத்துக் கன்னடக்காரி. ராட்டையைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் நூற்கச் சொல்லிக்கொடுப்பாள். அவளைக் கதர்க்காரி என்போம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டு ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவேன். முதல் சில மாதங்கள் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நான் அவர்களைப் பார்த்து முறைத்தேன். அவ்வளவுதான் கல்வி.

தனியாக நல்லது செய்வதைப்போலப் பேஜார் பிடித்த வேலை வேறு கிடையாது. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிற மாதிரிதான். வருஷம் முழுக்க அவளவள் இடத்தில் அவளவள் பட்டதை எல்லாம் நவராத்திரியில்தான் கொட்டுவோம். நம்மைப்போல இன்னும் நாலு பைத்தியங்கள் இருக்கின்றன என்று தெரியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே புரட்டாசி எப்போது வரும் என்று காத்துக்கிடப்பேன்.

யோசனைகளும் கைமாறும். கர்ப்பிணியிடம் நேரே பேசாதே, மாமியாரிடம் போய் உன் முழங்கால் வலிக்குக் கைவைத்தியம் கேள் என்றாள் நர்ஸ். மாமியார் வைத்தியம் சொல்லி முடிப்பதற்குள் நீ அந்த வீட்டு மனுஷி ஆகிவிடுவாயாம். நான் அதை ஆலைப் பெண்களிடம் செய்துபார்த்தேன். எனக்குப் பட்டு நூல் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். நான் போட்ட முடிச்சைப் பார்த்து அவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் யாராவது கூடத்துக்கு வந்தால், பேசிக்கொண்டிருப்பவள் உடனே பாட ஆரம்பிக்க வேண்டும். கொலுவுக்கு வந்தவள் பாடுவது வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வராது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்களில் அதிகம் பேசுகிறவள் கதர்க்காரி. அவள் குரலுக்கு மைசூர் அரண்மனை யானைகள்கூட வழிவிடும். பெரியவர்கள் தலை தெரியும்போதெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டிருப்பாள், அவள்தான் பாடவேண்டி வரும். நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நடுநடுவே தெருப் பிள்ளைகள் வரும். நவராத்திரியில் மைசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலை. வாசலில் நின்று, "பொம்பெ கூர்சித்தீரா?" என்று கூவும். பொம்மை உட்காரவைத்திருக்கிறீர்களா என்று கன்னடத்தில் ஒரு கேள்வி. கூர்சித்தீவி, வைத்திருக்கிறோம் என்றால் உள்ளே வந்து ஒரு நிமிஷம் கொலுவைப் பார்த்துவிட்டு, பாவாடையை ஏந்திச் சுண்டலோ முறுக்கோ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடும். யார் வீடு, என்ன ஜாதி, யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று ஒன்றும் பார்க்காது. பொம்மை உண்டா, சுண்டல் உண்டா, அவ்வளவுதான்.

எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என் சித்தி வீட்டுக்கு அடுத்த வீடு. எங்களைப்போல மேல்கோட்டைப் பூர்வீகம், எங்களுக்குத் தூரத்து உறவு. சிறுவயதில் கல்யாணமாகி, புருஷன் முகம் நினைவில் தங்குவதற்குள் அவர் போய்விட்டார். அண்ணா வீட்டில் இருந்தாள். அண்ணா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. ஊர் என்ன சொன்னாலும் தங்கையின் தலைமுடியை எடுக்கவிடவில்லை. அந்த மட்டும் நல்ல மனுஷர். வீட்டின் பக்கவாட்டில், தனி வாசலோடு ஓர் அறை இருந்தது. அதில் பூக்காரர், பரிசல்காரர், வண்டிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினாள். கோயிலுக்குக் கட்டுகிற பூவை வைத்தே கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பாள். கணக்கு முடியும்போது மாலையும் முடிந்திருக்கும். அதனால் பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்தவில்லை.

அவளுடைய யோசனைகளை நான் ஒவ்வொரு நவராத்திரியிலும் எடுத்து விடுவேன். யாரடி அவள், கூட்டிக்கொண்டு வா என்று எல்லோரும் நச்சரித்தார்கள். அந்த வருஷம் கொலு வைத்த மறுநாளே ரயிலேறிப் போனேன். வகுப்பு முடிந்து அவள் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் உற்சாகமாக விஷயத்தைச் சொல்லிக் கொலுவுக்குக் கூப்பிட்டேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். அதில் குங்குமச் சிமிழ் இருந்தது.

"ஏண்டி, கொலுவுக்கா?" என்றாள். "உங்காத்து வாசப்படிய ஏற விடுவாளோ உங்கம்மா? நாட்டையே திருத்தறவாளுக்குச் சேர்ந்து உக்கார வேற எடமே கெடைக்கலையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. விதவைக்கு மறுமணம் வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டை வற்றப் பேசியிருக்கிறோம். வருஷத்தில் எந்தப் பண்டிகையில் ஒரு விதவை வாசலுக்குள் வரமுடியாதோ, அதைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கூட்டம் போட்டிருந்தோம். படித்த தலைகள் அத்தனையில் ஒன்றுக்கும் இது உறைக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். சிரிக்காதே என்று அவளையே அதட்டினேன்.

அப்புறம்தான் மற்ற விஷயம் வெளியே வந்தது. விஜயதசமியோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடு என்று அண்ணா சொல்லிவிட்டார். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் கண்ட பிள்ளைகளும் வந்துபோகிறதே என்று வரன் பார்ப்பவர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இத்தனை காலத்தில் கௌரவமான வீட்டுப் பெண் ஒருத்தியாவது இதை மதித்து வந்து பார்த்ததுண்டா என்று அவர் கேட்டாராம். பள்ளிக்கூடம் நின்றபின் அவளை மேல்கோட்டையில் ஒரு பெரியப்பா வீட்டுக்குத் தளிகை பண்ண அனுப்புவதாகப் பேச்சு. அங்கே போனால் ஆயுசு முழுக்க அடுப்படிதான்.

மறுநாள் நர்ஸ் வீட்டுக் கொலுவில் எல்லாவற்றையும் சொன்னேன். நேரே போய் அந்த அண்ணாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று குதித்தேன். நர்ஸ் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். சண்டைக்கு வருகிறவளிடம் எந்த ஆம்பிளையும் இறங்கி வரமாட்டான், விருந்தாளியாக வருகிறவளிடம்தான் இறங்குவான் என்றாள். கதர்க்காரி அதற்கு ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது நர்ஸின் மாமியார் கூடத்துக்கு வந்தார். கதர்க்காரி பாட வேண்டியதாயிற்று. பாட்டை அவள் பாதியில் நிறுத்தினாள். மாமியார் இன்னும் போகவில்லை, ஆனாலும் நிறுத்திவிட்டாள். அவள் பார்வை வாசலில் இருந்தது. அங்கே தெருப் பிள்ளைகள் நின்று பொம்பெ கூர்சித்தீரா என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் நகர்ந்ததும் கதர்க்காரி சொன்னாள்: அந்தப் பெண் நம் கொலுவுக்கு வரமுடியாது என்றால் நாம் அவள் கொலுவுக்குப் போவோம். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை வைத்தால் யார் என்ன சொல்லமுடியும்? கௌரவமான வீட்டுப் பெண்கள்தானே வேண்டும், பட்டுப் புடவையோடு போய் நிற்போம்.

மறுபடியும் ரயிலேறினேன். சித்தி வீட்டில் என்னைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு ஸ்ரீரங்கநாதர் மேல் திடீர் பக்தி என்று பேசிக்கொண்டார்கள். அவள் அண்ணா வீட்டில், அவள் புருஷன் இறந்த வருஷம் கொலு நின்றது. பிறகு வைக்கவே இல்லை. அண்ணாவின் மனைவிக்கு, அதாவது மன்னிக்கு, அது பெரிய குறை. ஆனால் வாய் திறந்து கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து அறையில் பிள்ளைகள் கொலு வைக்கட்டுமா என்று அவளும் நானும் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சுண்டலுக்கு எவ்வளவு கடலை நனைப்பது என்று உடனே ஆரம்பித்துவிட்டார். அண்ணாவிடம் பிள்ளைகள் விளையாட்டாக ஏதோ வைக்கின்றன என்று மட்டும் சொன்னாராம். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுக் கச்சேரிக்குப் போனார்.

சரஸ்வதி பூஜை அன்று போவதாக ஏற்பாடு. அந்த வருஷம்தான் முதன்முதலாக வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், கொலுவுக்குப் போகிறேன், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு என்று. உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணமா, பெருமாளையும் சேவித்துவிட்டு வரலாமே, நானும் வரேன் என்றாள் அம்மா. நர்ஸின் மாமியாரும் அதையே சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனில் பார்த்தால் நாலு பேர் வரவேண்டிய இடத்தில் ஒரு ஜட்கா வரிசையே நின்றது. அம்மா, மாமியார், அவர் ஓரகத்தி, அக்கம்பக்கத்து மாமிகள், வெற்றிலைப் பெட்டி, கூஜா. நர்ஸும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா மடி ஆசாரம் விடாதவள். பரிசல்காரர் வீட்டுப் பிள்ளைகள் வைத்த கொலு, நடத்துகிறவள் அந்த வீட்டு விதவை என்று தெரிந்தால் அம்மா வாசலிலேயே திரும்பிவிடுவாள். அவள் திரும்பினால் பின்னாலேயே எல்லோரும் திரும்புவார்கள். அண்ணா கண்ணெதிரே அது நடந்தால் பள்ளிக்கூடத்தின் கதை அன்றோடு சரி. ரயில் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், நிஜமாகவே.

கோயிலில் சேவித்துவிட்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தோம். அன்று கச்சேரி விடுமுறை. அண்ணா வீட்டில் இருந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. யார் முதலில் கூப்பிடுவது என்று நாங்கள் தயங்கினோம். கதர்க்காரி தயங்கவில்லை. தன் முழுக் குரலில், தெருப் பிள்ளை மாதிரி, "பொம்பெ கூர்சித்தீரா?" என்று ஒரு கூவல் போட்டாள். தெருக்கோடியில் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

அண்ணா கதவைத் திறந்தார். வாசல் நிறையப் பட்டுப் புடவைகளைக் கண்டதும் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லி வாசலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப எந்த மைசூர்க்காரருக்கும் வாய் வராது. ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, வாங்கோ வாங்கோ என்று பக்கத்து அறையைக் காட்டினார். அது என்ன கொலு என்று அவருக்கே தெரியாது.

உள்ளே படிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வேட்டி விரித்திருந்தார்கள். காவேரிக் களிமண்ணில் பிள்ளைகளே பிடித்த பொம்மைகள். பரிசல், பூக்கூடை, கோபுரம், ரயில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அங்கே அது கண்ணெதிரே இருந்தது. ஜட்காவில் பூட்டியிருந்த குதிரை அசல் நாய். மேல்படியில் மரத்தில் கடைந்த ராஜாவும் ராணியும். எங்கள் ஊரில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு அந்த ஜோடியைக் கொடுத்தனுப்புவார்கள். அதை வைக்காமல் கொலு கிடையாது. இது அவளுடைய கல்யாண ஜோடி. அத்தனை வருஷமாகப் பெட்டியில் கிடந்ததை மன்னிதான் எடுத்துக்கொடுத்தாராம். பிள்ளைகள் ராணியை டீச்சராக்கிக் கையில் ஒரு குச்சியைக் கொடுத்திருந்தார்கள். ராஜா இன்ஸ்பெக்டர். அவருக்குத் தலைப்பாகை, கரியால் மீசை, கழுத்தில் சணல் கயிற்றில் ஒரு பொத்தான் கடிகாரம்.

அம்மா அறை வாசலில் நின்றாள். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று அம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அம்மா பின்னால் எல்லா மாமிகளும் நின்றார்கள்.

அம்மா கண் குதிரையில் விழுந்தது. ஒவ்வொரு பொம்மைக்கு முன்னாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் அதன் பெயரைக் கன்னடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். இது என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த பூக்காரர் பெண்ணைக் கேட்டாள். அது எழுந்து நின்று, குதிரை என்று படித்தது. அம்மா குதிரையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"எழுதி வச்சதனால பொழச்சுது. எழுத்து எதுக்கு ஆகும்னு இன்னிக்குன்னா தெரியறது," என்றாள்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். மாமிகள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காகிதத்தைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்க, பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு படித்தன. நர்ஸின் மாமியார் ஒரு பிள்ளையைப் புஸ்தகம் எடுத்துப் படித்துக்காட்டச் சொன்னார். பூஜையில் வைத்த புஸ்தகத்தை இன்றைக்குத் தொடக்கூடாது, டீச்சர் சொல்லியிருக்கிறார்கள் என்று அது மறுத்தது. அது ஒன்றே போதுமாக இருந்தது. மாமியாருக்கு அந்த டீச்சரைப் பிடித்துப்போயிற்று. இன்ஸ்பெக்டர் ராஜாவைப் பார்த்து அண்ணாவே சிரித்ததை நான் கண்டேன்.

இதுகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் எங்கே என்று அம்மா கேட்டாள். வீட்டுக்குள் போகும் கதவின் பின்னால் கரையில்லாத புடவையின் ஓரம் தெரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் அந்தக் கதவைக் கைகாட்டின. அவள் வெளியே வரவில்லை, உள்ளே போகவும் இல்லை. அம்மா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு அண்ணா பக்கம் திரும்பினாள்.

"கொலுவ ஒரு தரம் வச்சா விடப்படாது, தெரியுமோன்னோ?" என்றாள். "அடுத்த வருஷமும் இந்தக் கொழந்தைகளே வைக்கணும். நாங்க வருவோம்."

அண்ணா அப்படியே ஆகட்டும் என்றார். அத்தனை மாமிகளுக்கு முன்னால் வேறு என்ன சொல்வார்? சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்: அடுத்த வருஷம் பிள்ளைகள் கொலு வைக்க வேண்டுமென்றால் அதுவரை பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். மன்னி எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்தார். விஜயதசமி அன்று பள்ளிக்கூடம் நிற்கவில்லை. புதிதாகச் சில பிள்ளைகள் சேர்ந்தன என்று கேள்விப்பட்டேன். மேல்கோட்டைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். கொஞ்ச தூரம் போனபின், என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"வருஷா வருஷம் கொலுவுல என்ன பண்றேள்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டயோ? அந்தக் கதர்க்காரி பாட்டக் கேக்க எவளாவது ஆத்த விட்டுக் கெளம்புவாளா?"

எதிர் பலகையில் கதர்க்காரி தூங்குவதுபோல நடித்தாள். நான் சிரித்த சிரிப்பில் கூஜாத் தண்ணீர் புரையேறிற்று.

அடுத்த வருஷம் நவராத்திரியில் எங்கள் வீட்டில்தான் முதல் கூட்டம். எல்லோரும் வந்தாயிற்று. பேச்சு சூடு பிடிப்பதற்குள் வாசலில் பிள்ளைகளின் இரைச்சல். பூக்காரர் பெண்ணும் பரிசல்காரர் பெண்ணும் இன்னும் சிலரும், புதுப் பாவாடையோடு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், தெருவில் நின்றபடி, வாசற்படியில் கால் வைக்காமல் அவள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் முகம் வெளுத்திருந்தது. பிள்ளைகள் கேட்கவில்லை, அவள் கேட்கட்டும் என்று சும்மா நின்றார்கள். அவள்தான் கேட்டாள்.

"பொம்பெ கூர்சித்தீரா?"

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். வீட்டில் மாமிகள் இருந்தார்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றாள்.

"கூர்சித்தீவி," என்றாள். "உள்ள வா."

அவள் படியேறி வந்து கொலுவைப் பார்த்தாள். கதர்க்காரி, யாரும் கேட்காமலே, பாட ஆரம்பித்தாள். பிள்ளைகள் பாவாடையை ஏந்திச் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் அவளும் முந்தானையை விரித்து ஏந்தினாள். அம்மா அதில் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.